சாம்பலுக்கு ஒரு கையெழுத்து

பட்டாளத்துக் காகிதத்துக்கும் ஆயுசு உண்டு. மனுசனுக்காவது எப்போது போகும் என்று தெரியாது. காகிதத்துக்கு அதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறார்கள். லீவுச் சீட்டுக்கு ஒரு கணக்கு, சம்பளச் சீட்டுக்கு ஒரு கணக்கு, ஓர் ஆள் பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து வெளியே வந்த நாள்வரை எழுதிய கட்டுக்கு ஒரு கணக்கு. நாள் முடிந்தால் நெருப்புத்தான்.

வெலிங்டனைச் சுற்றி அப்போது பட்டாளத்து ஆபீஸ்கள் பல இருந்தன. இது எந்த ஆபீஸ் என்று கேட்டு இப்போது யாருக்கு என்ன ஆகப்போகிறது? மலைச் சரிவில் தகரக் கூரை போட்டு, உள்ளே மரப் பலகைகளில் கட்டுக் கட்டாகக் காகிதம் அடுக்கிய ஓர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காகிதத்தை அடுக்கிப் பார்த்துக்கொள்வது ஒருவர் பொறுப்பு. ஆயுசு முடிந்ததைப் பொறுக்கி எடுப்பது பெரிய கிளார்க் சுடலைமுத்துவின் பொறுப்பு. அதை எரிக்கலாம் என்று உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போடுவது மூன்று ஆபீசர்களின் பொறுப்பு. எரிந்து முடியும்வரை பக்கத்தில் நின்று, 'என் கண் முன்னால் சாம்பலானது' என்று எழுதிக் கொடுப்பது மறுபடியும் சுடலைமுத்து. காகிதம் எரிக்கிற டிரம் பக்கத்தில் நின்று புகையைக் குடித்துக்கொண்டு கம்பியால் கிளறுகிற ஆளுக்கு மட்டும் கையெழுத்துப் போட இடம் கிடையாது. அந்த ஆள் பரமசிவன்.

பரமசிவனும் அவன் பெண்டாட்டி சின்னம்மையும் சிலோனில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒப்பந்தம் போட்ட பெரிய மனுசர்கள் ஆளைப் பங்கு பிரித்தபோது இவர்கள் இந்தியாப் பங்கில் விழுந்தார்கள். கப்பலேறி, மண்டபம் முகாமில் கஞ்சி குடித்து, கடைசியில் குன்னூரிலிருந்து அரவேணு போகிற வழியில் ஒரு எஸ்டேட்டுக்குக் கீழே, ஓடைப் புறம்போக்கில் தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய வீட்டில் வந்து ஒண்டினார்கள். சின்னம்மை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். பரமசிவன் பஸ் ஏறி வெலிங்டனுக்குப் போய் அந்த ஆபீஸில் தினக்கூலியாகக் காகிதம் சுமந்தான். என்றைக்காவது ஒருநாள் அவனை நிரந்தரமாக்குவார்கள், கூடவே குழாயுள்ள ஓர் அறைக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்பதுதான் அந்த வீட்டின் ஒரே பேச்சு. ரொட்டி தட்டும்போதும் அதே பேச்சு, விறகு பொறுக்கும்போதும் அதே பேச்சு. அந்தக் குழாய்த் தண்ணீரை நினைத்துக்கொண்டுதான் சின்னம்மை ஓடையில் குடம் முக்கிக் கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில் மாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சின்னம்மை கோதுமை மாவு வைக்கிற தகரப்பெட்டியை நகர்த்தினால் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் பொட்டலம். பிரித்தால் காகிதம். ஒவ்வொன்றிலும் ஓர் ஆம்பிளை முகம், கீழே கட்டைவிரல் ரேகை.

"என்னாங்க இது?" என்றாள்.

பரமசிவன் முழித்தான். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தை மாசம் ஆபீஸ்ல எரிச்சமே, அதுல உள்ளது."

"எரிச்சா சாம்பல்ல இருக்கும். மாப்பெட்டிக்கு அடியில எப்புடி வந்துச்சு?"

"கிளார்க்கு ஐயா, நல்லாக் கிளறிவிடு, ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்னு கேண்டீன் பக்கம் போயிட்டாரு. பனி வெறைச்சுக் கெடக்கு, அவரத்தான் என்னா சொல்றது. நான் ஒவ்வொரு கட்டாப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். எழுத்து மட்டும் இருந்ததெல்லாம் போட்டுட்டேன் புள்ள. மொகம் இருந்ததப் போட கை வரல. உசுரோட ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான், கீழ ரேகை வச்சிருக்கான். அவன எப்புடித் தூக்கி நெருப்புல போடுறது? சட்டைக்குள்ள புடிச்ச மட்டும் வச்சுக்கிட்டேன். மிச்சத்தப் போட்டுட்டேன்."

"ஒங்களுக்குப் புத்தி இருக்கா? இது தெரிஞ்சா வேலை என்னாகும்?"

"எங்கப்பன் பேரு எழுதுன பக்கத்தக் கறையான் தின்னுருச்சுன்னு அங்க கணக்கப்பிள்ள சொன்னான். பொறந்த மண்ணுல பொறக்கவே இல்லன்னு ஆக்கிட்டான். அந்த ஒத்தப் பக்கத்துக்கு அலைஞ்சு அலைஞ்சே செத்தாரு. நீயும் பாத்தியே."

அவளும்தான் பார்த்தாள். மாமனார் தகரப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சர்க்கார் கச்சேரி கச்சேரியாக அலைந்ததைப் பார்த்தாள். அதற்காக? வயிற்றெரிச்சலாக வந்தது அவளுக்கு. ஆனாலும் திட்டிக்கொண்டே பொட்டலத்தை மறுபடியும் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள். அந்த நாட்களில் சிலோனிலிருந்து வந்த எந்த வீட்டிலும் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டார்கள். பஸ் டிக்கெட்டைக்கூட ஓலைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

பரமசிவனுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எப்போதாவது அந்தத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு பேர்களைப் படிப்பான். முத்துவேல், அழகர்சாமி என்று அவன் படிக்கப் படிக்க அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஆறுக்குட்டி என்று படித்தான்.

"இது என்னா பேரு, ஆட்டுக்குட்டி மாதிரி?" என்று சிரித்தாள்.

"இந்தப் பக்கத்துப் பேரா இருக்கும். நல்ல ஆளு, மீசையப் பாரு" என்றான்.

அவள் எட்டிப் பார்த்தாள். ஒட்டிய கன்னமும் பெரிய மீசையுமாக ஒருவன், போட்டோ எடுப்பவன் மேல் கோபம் இருக்கிற மாதிரி முறைத்துக்கொண்டிருந்தான்.

கொழுந்துக் காட்டில் சின்னம்மைக்கு அடுத்த நிரை வேலாமணிக்கு. அவிநாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துக்காரி. மலையிலேயே பிறந்து மலையிலேயே தாலி அறுத்தவள். சின்னம்மை வந்த முதல் மார்கழியில், போர்த்த ஒன்றுமில்லாமல் கோணிக்குள் கிடந்ததைக் கேள்விப்பட்டுத் தன் வீட்டிலிருந்த இரண்டு கம்பளியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டு, வைத்துக்கொள் என்றுகூடச் சொல்லாமல் போனவள். அதிலிருந்து சின்னம்மைக்கு அவள் அக்கா. இவ்வளவு பழகியும் அவள் புருசன் பட்டாளத்தில் இருந்தவன் என்பது தெரியுமே தவிர, பேர் தெரியாது. புருசன் பேரைச் சொல்கிற பழக்கம் வேலாமணிக்கு இல்லை.

ஐப்பசியில் ஒருநாள், நின்று பெய்கிற மழை. மேஸ்திரி விசில் ஊதி எல்லாரையும் எடை போடுகிற கொட்டகைக்குள் ஒதுங்கச் சொன்னான். முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். வேலாமணி திறக்கவில்லை.

"ஏங்க்கா, திங்கலியா?"

"என்னத்தத் திங்கறது அம்மணி. நேத்து ரிக்கார்டு ஆபீஸ்ல இருந்து காயிதம் வந்துது. தபால்காரரு படிச்சுச் சொன்னாரு. அப்படி ஒரு ஆள் இருந்ததுக்கு இங்க ரிக்கார்டே இல்லீன்னு எழுதியிருக்காங்களாம்."

"இல்லியா? அது எப்புடி இல்லாமப் போகும்?"

"என்னையக் கேட்டா? பனியில காவல் நின்னு நெஞ்சு கெட்டு, ரத்தமா வாந்தி எடுத்து, இனி நீ ஆகமாட்டேன்னு அனுப்பி வெச்சாங்க. ஊட்டுக்கு வந்து ரெண்டு மழைதான் இருந்தாரு. ஏனுங்க, அந்தச் சீக்கு அங்க வந்ததுதானுங்க, எதாச்சும் பென்சன் குடுங்கன்னு வருசா வருசம் எழுதிப் போட்டுட்டுத்தான் இருக்கேன். முந்தியெல்லாம் பரிசீலனையில இருக்குதுன்னு பதில் வரும். இப்ப ஆளே இல்லீன்னுட்டாங்க. நான் யாருக்குத்தான் தாலி அறுத்தேன்னு எனக்கே சந்தேகமாப் போச்சு போ."

பக்கத்தில் இருந்த ஒருத்தி சிரித்துவிட்டாள். வேலாமணியும் சிரித்தாள். மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வேண்டும், வீட்டுக் கூரை ஒழுகுகிறது, கண் வேறு மங்கி வருகிறது, இன்னும் எத்தனை நாளைக்குக் கொழுந்து கிள்ள முடியும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"அண்ணன் பேரு என்னாக்கா?" என்றாள் சின்னம்மை.

வேலாமணி சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள். "ஆறுக்குட்டி."

சின்னம்மை வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைத் தூக்குச்சட்டியிலேயே வைத்து மூடினாள்.

அன்றைக்கு இரவு முழுவதும் புரண்டாள். புருசனிடம் சொன்னால் பயப்படுவான், வேண்டாம் என்பான். சொல்லாமல் இருந்தால் அந்த அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது? தன் மாமனார் அலைந்த அலைச்சல் என்ன, ஒரே ஒரு தாள் கையில் கிடைத்திருந்தால் அந்த மனுசன் இன்னும் உயிரோடு இருந்திருக்க மாட்டாரா? இங்கே தாள் மாப்பெட்டிக்கு அடியில் சும்மாக் கிடக்கிறது. விடிந்ததும் பரமசிவன் பஸ்ஸுக்குப் போன பிறகு ஆறுக்குட்டியை மட்டும் எடுத்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். தாளின் மேல்பக்கத்தில் சிவப்பாக ஒரு முத்திரை இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

தேயிலைச் செடிகளுக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்து அதைக் கொடுத்தாள். வேலாமணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். வாங்கி விரித்தவள் அந்த மீசையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது எங்கிருந்து அம்மணி?"

"அது எதுக்குக்கா. யாரும் கேட்டா ஊட்டுல பெட்டியில கெடந்துச்சுன்னு சொல்லுங்க. சீல் வச்சிருக்கு பாருங்க, அதுவும் செவப்பு சீலு. அங்க நாங்க இருந்த காலத்துல இப்புடிச் சீலு வச்ச காயிதம் ஒண்ணு இருந்தாப் போதும், ஒரு தொரையும் அசைக்க முடியாது. கொண்டுபோயி மேசையில போடுங்க."

வேலாமணி மறுநாளே போட்டாள். போட்டது சுடலைமுத்துவின் மேசையில். வருசா வருசம் மனு கொடுத்து அவள் பழகிய மேசை அதுதான்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குடையும் கம்பளிக் கோட்டுமாகச் சுடலைமுத்து ஓடைப் புறம்போக்குக்கு இறங்கி வந்தார். அந்தப் பக்கம் அவர் கால் வைத்ததே இல்லை. பூட்ஸெல்லாம் சேறு. அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்த பரமசிவன் பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். சின்னம்மை அடுப்பில் கல்லைப் போட்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆறுக்குட்டி சம்சாரம் இன்னிக்கு வந்துச்சு பரமசிவம்" என்றார்.

"எந்த ஆறுக்குட்டி சார்?" என்று கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் மாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சுடலைமுத்து கோட்டின் உள்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

"செவப்பா ஒரு சீல் இருக்கு, படி."

பரமசிவன் படிக்கவில்லை. அது என்னவென்று அவனுக்கு முன்பே தெரியும்.

"நானே சொல்றேன், உங்க வீட்டம்மாவும் கேக்கட்டும். எரிச்சுடவும்னு போட்டிருக்கு. கீழ போன தை மாசத் தேதி. மூணு ஆபீசர் சொல்லி, நீ எரிச்சு, நான் நின்னு பாத்தேன்னு எழுதிக் கொடுத்து, சாம்பலாப் போன பேப்பர் இது. அது இன்னிக்கு நடந்து வந்து என் மேசையில உக்காந்திருக்கு."

சின்னம்மைக்குக் கை நின்றுவிட்டது. பாவி, இந்தச் சீலைத்தானே பெரிய பலம் என்று அந்த அக்காவுக்குச் சொன்னோம் என்று நினைத்தாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான்தான் சார் குடுத்தேன். அவருக்குத் தெரியாது. அவங்க காயிதத்த அவங்ககிட்ட குடுத்தேன். அதுல என்னா தப்பு?"

"அது அவங்க பேப்பர் இல்லம்மா. அவங்களப் பத்தின பேப்பர். சர்க்காருது."

"பேரு அவங்களுது. மொகம் அவங்களுது. ரேகை அவங்களுது. பொறகு என்னாத்த சார் சர்க்காருக்கு?"

கல்லில் கருகிய ரொட்டியைப் பரமசிவன் வந்து திருப்பிப் போட்டான்.

"அதுல எழுதியிருக்கிறது நெசந்தானே சார்?" என்றாள்.

"நெசம்தான். சர்வீஸ்ல வந்த சீக்குன்னு டாக்டரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"அப்ப அந்த அக்காவுக்குக் குடுத்துற வேண்டியதுதானே?"

"எப்படிக் கொடுக்கறது? எங்கிருந்து வந்துச்சுன்னு முதல்ல கேப்பாங்க. மனு நடப்புல இருக்கற ஆளோட பேப்பர்க் கட்ட எரிக்க எடுக்கவே கூடாது. அதப் பாக்கறது என் பொறுப்பு, நான் பாக்கல. நெருப்பு அணையற வரைக்கும் நிக்கறதும் என் பொறுப்பு, நான் நிக்கல. குளிருக்கு டீ குடிக்கப் போனேன். ரெண்டுக்கும் எனக்கு மெமோ வரும். கீழ எறக்குவாங்க, வடக்க எங்கயாவது தூக்கிப் போடுவாங்க. ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன். சரி, என் கதை போகட்டும். இவன் கதை என்ன? பட்டாளத்துப் பேப்பரச் சட்டைக்குள்ள வச்சு வெளிய கடத்தின ஆளு. அதுவும் சிலோன்ல இருந்து வந்த ஆளு. எதுக்குடா எடுத்தேன்னு போலீஸ்காரன் கேட்டா என்ன சொல்லுவான்?"

"மொகம் இருந்துச்சு, எரிக்க மனசு வரல. அதான் சார் நெசம்" என்றான் பரமசிவன்.

"நான் நம்பறேன்டா. நான் நம்பி என்ன செய்ய? இத எவன் எழுதிக்குவான்?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுடலைமுத்து நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் சொல்வது கஷ்டம். பரமசிவனை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதி அனுப்பியதும் அவர்தான்.

"உன் ஆர்டர் மேஜர் மேசைக்குப் போயிடுச்சு" என்றார். "திங்கக்கிழமை கையெழுத்து ஆயிடும். அதுக்குள்ள இது ஒண்ணும் நடக்காதபடி ஆகணும். மீதி இருக்கா?"

பரமசிவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சின்னம்மைதான் எழுந்தாள். மாப்பெட்டியை நகர்த்திப் பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இங்கயே போடும்மா. இந்தத் தடவ கடைசி வரைக்கும் நிக்கறேன்" என்றார்.

ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தாள். போட்டோ உள்ள இடம் மட்டும் சீக்கிரம் பிடிக்காமல் கொப்புளித்துச் சுருண்டது. முடி கருகின மாதிரி வாடை வந்தது. மேலே கல்லில் கிடந்த ரொட்டி அந்த நெருப்பில் நன்றாக வெந்தது. பரமசிவன் பார்க்க மாட்டாமல் மழையில் வெளியே போய் நின்றுகொண்டான். கடைசியில் சுடலைமுத்து ஆறுக்குட்டியை நீட்டினார்.

"அந்த அக்கா வந்து கேட்டா என்னா சொல்லுவீங்க சார்?"

"அப்படி ஒரு பேப்பர் வரவே இல்லன்னுதான் சொல்லணும். உன்கிட்ட வந்து கேட்டா?"

சின்னம்மை அந்த முகத்தைப் பார்த்தாள். முன்பு பார்த்த அதே முறைப்பு. மாமனாரை நினைத்தாள், கம்பளியை நினைத்தாள், மண்டபத்துக் கஞ்சி வரிசையை நினைத்தாள். இனி ஒருதரம் மூட்டை கட்ட உடம்பில் தெம்பில்லை என்று நினைத்தாள். தாளை வாங்கி அடுப்பில் வைத்து, ஊதுகுழலை எடுத்து ஊதினாள்.

அவர் குனிந்து குச்சியால் சாம்பலைக் கிளறிப் பார்த்தார். திருப்தியான பிறகு உட்கார்ந்தார். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார் மனுசன். சின்னம்மை இரண்டு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்துத் தட்டை நகர்த்தினாள். வேண்டாம் என்று ஒருதரம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அவர் போனபிறகு பரமசிவனும் வந்து சாப்பிட்டான். அவளும் சாப்பிட்டாள். பசிக்கத்தான் செய்தது.

மறுநாள் வேலாமணி வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள். வந்தவள் தன் நிரைக்குப் போகாமல் சின்னம்மையின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மணி, அந்தக் கிளார்க்கு நான் காயிதம் குடுக்கவே இல்லீங்கறாரு. நேத்துப் பூரா வாசல்லயே உக்காந்திருந்தேன். எந்திரிச்சுப் போன்னுட்டாரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லோணும்."

சின்னம்மை கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். மறுபடியும் கிள்ளினாள்.

"பென்சனக்கூட விடு, எனக்குக் கொடுப்பினை இல்லீன்னு போறேன். எங்கூட்ல அவரு போட்டோ ஒண்ணுகூட இல்ல. அவரு போறப்ப எம் புள்ள வயித்துல, அவ அப்பன் மொகத்தப் பாத்ததே இல்ல. ஊருல இருக்கா, ஞாயித்துக்கெழம வரச் சொல்லியிருந்தேன். அந்தப் போட்டோவ மட்டும் கிழிச்சுக் குடுக்கச் சொல்லு, மீதிய அவங்களே வெச்சுக்கட்டும். உம் புருசன் அங்கதான இருக்காரு?"

"எந்தக் காயிதங்க்கா?" என்றாள் சின்னம்மை.

சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தோன்றியது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. திட்டுவாள், மயிரைப் பிடித்து இழுப்பாள், மேஸ்திரியைக் கூப்பிட்டு நாலு பேருக்கு முன்னால் நாறடிப்பாள் என்று காத்திருந்தாள். அடித்துவிட்டால்கூட நன்றாக இருக்கும் என்று இருந்தது. மஞ்சு மூட்டம் செடிக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால் வேலாமணி கூடையை எடுக்கிற சத்தம் கேட்டது.

"செரி" என்றாள் பிறகு. "உன்ற ஊட்லயும் அடுப்பு எரியோணுமல்லோ. எரியட்டும்."

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அடுத்த நிரைக்குப் போய்ப் பறிக்க ஆரம்பித்தாள். சின்னம்மை குனிந்தபடியே இருந்தாள். மேஸ்திரி மேலே இருந்து, என்ன அங்கே தூங்குகிறாயா என்று சத்தம் போட்டான். அவளும் பறிக்கத் தொடங்கினாள்.